கந்தரோடையில் வீழ்ந்த மேஜர்: டெல்லி போர் நினைவகத்தில் பார்த்தது

புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவில் மஞ்சள் தடம் பிடித்தால் மூன்றாவது நிறுத்தம் மத்திய செயலகம். டிக்கெட் 21 ரூபாய். மேலே ஏறி வெளியே வந்ததும் கர்தவ்ய பாதை, நேற்றுவரை ராஜபாதை என்று நாம் படித்த அதே சாலை. இரண்டு பக்கமும் நாவல் மரங்கள். பிப்ரவரி மாத வெயில், முதுகுக்கு இதமாக இருந்தது. இந்தியா கேட் போக ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதால் நடந்தேன்.

நான் பார்க்க வந்தது இந்தியா கேட்டை அல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் தேசியப் போர் நினைவகத்தை. அங்கேயும் குறிப்பாக ஒரு மனிதரை. இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ராவை இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள். அதில் 14 பேருக்கு அது இறந்த பிறகு கிடைத்தது. அந்தப் பதினான்கில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் 1946 செப்டம்பர் 13 அன்று பிறந்தவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் இறந்தவர். கார்கில் வீரர் விக்ரம் பத்ராவைத் தெரியாத கல்லூரி மாணவர் நம் ஊரில் குறைவு. பரமேஸ்வரனைத் தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அவரை டெல்லி எப்படி வைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் எண்ணம்.

இந்தியா கேட் அருகே வேர்க்கடலை விற்பவர் சின்ன அடுப்பில் மண்சட்டி வைத்துக் கடலையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். ஒரு பொட்டலம் முப்பது ரூபாய். நினைவகத்துக்கு எந்தப் பக்கம் நுழைவது என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். கையைக் காட்டிவிட்டு, "அங்கே ஒரு தூண்தான் இருக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை" என்றார். சாலையிலிருந்து பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்று தோன்றும். தூணின் மேல்பகுதி மட்டும்தான் தெரிகிறது.

இந்தியா கேட்டின் உயரம் 42 மீட்டர். முதல் உலகப் போரிலும் ஆப்கன் போரிலும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காக மாண்ட பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் அதில் உண்டு. அதன் வளைவுக்குக் கீழே 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதி இப்போது அங்கே இல்லை. 2022 ஜனவரி 21 அன்று அதை எடுத்துப்போய்ப் புதிய நினைவகத்தின் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். பழைய இடத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று சுடரைத் தேடிக்கொண்டிருந்தது. பின்னால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நுழைவுக் கட்டணம் இல்லை. பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். பத்தடி நடந்ததும் தரை கீழ்நோக்கி இறங்க ஆரம்பிக்கிறது. அப்போதுதான் கடலைக்காரருக்கு ஏன் தூண் மட்டும் தெரிந்தது என்று விளங்கியது. இந்தியா கேட்டின் பார்வையை மறைக்கக் கூடாது என்று நினைவகத்தின் முக்கியப் பகுதியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாற்பது ஏக்கர். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். இதை வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த 'வீபி டிசைன் லேப்' நிறுவனம், தலைமைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். உலக அளவில் நடந்த போட்டியில் வென்று இந்தப் பணியைப் பெற்றார்கள். இந்தச் செய்தியும் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது.

அமைப்பு, ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். வெளியே ரக்ஷக் சக்ரா, அது மரங்களின் வரிசை. நாட்டின் எல்லைக் காவலர்களைக் குறிக்கிறதாம். அடுத்தது தியாக் சக்ரா, பெயர்ச் சுவர்கள். அதற்கு உள்ளே வீர்த்தா சக்ரா, வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள். நடுவில் அமர் சக்ரா, 15.5 மீட்டர் உயரத் தூண், அதன் அடியில் அணையாச் சுடர்.

வழக்கமாக எல்லோரும் நேராகச் சுடருக்குப் போகிறார்கள். நான் வெண்கலச் சிற்பங்களிலிருந்து தொடங்கினேன். கூரையிட்ட நடைபாதை, உள்ளே வெயில் இல்லை, சில்லென்று இருந்தது. மொத்தம் ஆறு சிற்பங்கள், எல்லாம் ராம் சுதார் செய்தவை. 1948 தித்வால். 1962 ரெசாங் லா. 1971-க்கு மூன்று: லோங்கேவாலா, கங்காசாகர், கராச்சித் துறைமுகத்தைக் கடற்படை தாக்கிய ஆபரேஷன் டிரைடன்ட். கடைசியாக சியாச்சினைக் கைப்பற்றிய மேக்தூத். ரெசாங் லா சிற்பத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பனிமலையில் மேஜர் ஷைத்தான் சிங்கின் ஆட்கள் கடைசித் தோட்டாவரை நின்ற இடம் அது. வெண்கலத்தில் அந்த முகங்களின் வாய் திறந்திருக்கிறது. கத்துகிறார்களா, மூச்சு வாங்குகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதினாறாயிரம் அடிக்கு மேல் இரண்டுக்கும் வித்தியாசம் இருந்திருக்காது.

ஆறையும் பார்த்து முடித்தபின் மறுபடி முதலிலிருந்து ஒருமுறை நடந்தேன். இலங்கை இல்லை. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை அங்கே இருந்தது, விடுதலைப் புலிகளோடு மோதியது. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். கார்கிலில் நாம் இழந்ததைவிட இது அதிகம். அந்த மூன்று வருடத்துக்கு இந்த வளைவில் ஒரு காட்சி இல்லை. கார்கிலும்தான் இந்த ஆறில் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் கார்கிலுக்கு திராஸில் தனி நினைவகம் உண்டு, ஆண்டுதோறும் ஜூலை 26-ல் விழா உண்டு, திரைப்படங்கள் உண்டு. இலங்கைக்குப் போனவர்களுக்கு இங்கே அந்த அளவு கவனம் வாய்க்கவில்லை.

பெயர்ச் சுவர்களுக்கு வந்தேன். சக்கரவியூகம் போலச் சுவர்களை வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெயர்கள். ஒரு வீரருக்கு ஒரு கிரானைட் கல். பதவி, பெயர், படைப்பிரிவு, அவ்வளவுதான். திறப்பு விழா சமயத்திலேயே இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன, பிறகும் சேர்ந்துகொண்டே வருகின்றன. கல்லை நெருங்கிப் பார்த்தால் எழுத்துகளின் பள்ளத்தில் பொன் நிறம் பூசியிருப்பது தெரியும். சில கற்களில் மழைநீர் வடிந்த தடம் எழுத்தின் விளிம்போடு நின்றிருந்தது. ஒரு கல்லின் கீழ் விளிம்பில் யாரோ செருகிய செவ்வந்தி இதழ் காய்ந்து சுருண்டு ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டு வந்த பணியாளர் மற்ற கற்களைத் துடைத்தார், அந்த இதழை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

இந்தச் சுவர்களில் எனக்குப் பிடித்த ஒன்று, எல்லாக் கல்லும் ஒரே அளவு. சிப்பாய்க்கும் மேஜருக்கும் ஒரே இடம். பதக்கம் வாங்கியவர், வாங்காதவர் என்ற பேதத்தை இந்த வட்டத்தில் காணோம். போரில் வீரம் காட்டியும் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் பதக்கம் கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். விருதுக்குச் சாட்சி வேண்டும். சாட்சியும் கூடவே இறந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அவர்களுக்கெல்லாம் மிஞ்சுவது இந்தக் கல்தான்.

அங்கேதான் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. எழுபதைத் தொட்ட ஒருவர், கைத்தடி இல்லை, முதுகு நேர். பேரனுக்குச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்புகிற ஊர்கள் அந்தப் பக்கம் நிறைய. ஹவில்தாராக ஓய்வு பெற்றவராம். பரமேஸ்வரனைத் தேடி வந்தேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானும் அங்க போனவன்தான் தம்பி. பலாலியில எறங்கினோம். அமைதிப்படைன்னுதான் சொல்லி அனுப்பினாங்க. போன புதுசுல ஜனங்க மாலை போட்டாங்க, எளநி வெட்டிக் குடுத்தாங்க. ரெண்டே மாசத்துல எல்லாம் மாறிப்போச்சு."

"மேஜரை நேர்ல பாத்திருக்கீங்களா ஐயா?"

"இல்ல தம்பி, அவரு எட்டாவது மஹார், நான் வேற யூனிட்டு. ஆனா கேள்விப்பட்டோம். தனி ஆளா பத்துப் பேரை அடிச்சுட்டுத்தான் விழுந்தாருன்னு பேசிக்கிட்டாங்க. சிலை மேல இருக்கு, வாங்க காட்டறேன்."

மூன்று பேரும் நடந்தோம். பரம் யோதா ஸ்தல் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். புல்வெளிக்கு நடுவே நடைபாதை, பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவு வெண்கலச் சிலைகள். முதல் விருதைப் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா, கையில் கட்டோடு 1947-ல் பத்காமில் நின்றவர். காங்கோவில் ஐ.நா. படைக்காகப் போய் 1961-ல் இறந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பேட்டன் டாங்கிகளை எதிர்த்த அப்துல் ஹமீது. இருபத்தொரு வயது அருண் கேத்தர்பால். எங்களுக்கு முன்னால் போன ஒரு அப்பா, எல்லாச் சிலைகளையும் காட்டி "இவங்க எல்லாம் பாகிஸ்தானோட சண்டை போட்டவங்க" என்று இந்தியில் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பலகையையும் நின்று வாசிக்கவில்லை.

பரமேஸ்வரனின் சிலைக்கு முன்னால் ஆள் இல்லை. பத்ரா சிலையருகே படம் எடுக்க வரிசை நின்றது. சாயங்கால வெயில் வெண்கலத்தின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்திருந்தது. பீடத்தின் பலகையில் அவர் செய்தது என்ன என்று இருக்கிறது. நான் தமிழில் சொல்லச் சொல்ல ஹவில்தார் கேட்டார்.

விருதுரை சொல்வது இதுதான். 1987 நவம்பர் 25. இலங்கையில் ஒரு தேடுதல் வேட்டையை முடித்துக்கொண்டு, இரவு வெகு நேரம் கழித்துப் பரமேஸ்வரன் தன் அணியோடு திரும்பிக்கொண்டிருந்தார். பதுங்கியிருந்தவர்கள் தாக்கினார்கள். பதுங்கித் தாக்கும்போது எதிரே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதல் சில விநாடிகளில் தோன்றுவது, குப்புறப் படுத்துக்கொள்வதுதான். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆட்களை அழைத்துக்கொண்டு சுற்றிப் போய், தாக்கியவர்களின் பின்புறத்திலிருந்து பாய்ந்தார். அதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கைகலப்பு நடந்தது. ஒருவர் மார்பில் சுட்டார். சுட்டவரின் கையிலிருந்த துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டு வீழ்த்தினார் பரமேஸ்வரன். மார்பில் குண்டோடு, உயிர் போகும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன.

"அஞ்சு பேர்னுதான் போட்டிருக்கா?" என்று கேட்டார் ஹவில்தார்.

"ஆமா ஐயா. அதுவும் மொத்த அணியும் சேர்ந்து."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அஞ்சோ பத்தோ, மார்ல குண்டு வாங்கினவன் சுட்டவன்கிட்ட போய் துப்பாக்கியப் புடுங்கறது லேசுப்பட்ட காரியமில்ல தம்பி" என்றார்.

எனக்கும் அந்த வரிதான் மனதில் நின்றது. வீரக் கதைகள் வாய்வழியாக வரும்போது எண்ணிக்கை ஊதிப் பெரிதாகிவிடும். எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தாலும் இந்த மனிதர் செய்தது துளியும் சிறுக்கவில்லை. பொறியில் மாட்டியவர் பொறிக்குப் பின்னால் போய்ச் சுற்றி வளைத்தார். அந்த முடிவை இருட்டில், தோட்டாச் சத்தத்துக்கு நடுவே எடுத்தார். அப்போது அவருக்கு வயது 41. மும்பை சயானில் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் அறிவியல் படித்து, சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1972 ஜூன் 16 அன்று மஹார் படைப்பிரிவில் அதிகாரியானவர். அன்றோடு சீருடை அணிந்து பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. மஹார் படைப்பிரிவுக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா இவருடையது. அப்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தர்ஜியும் இதே மஹார் பிரிவிலிருந்து வந்த தமிழர்தான்.

பலகையில் இலங்கை என்று இருக்கிறது, ஊர்ப் பெயர் இல்லை. அது நடந்தது யாழ்ப்பாணத்தில் உடுவிலுக்குப் பக்கத்தில், கந்தரோடை. பனையும் தோட்டமும் கோயிலுமாக இருக்கும் ஊர், குட்டிக் குட்டியாகப் பழைய தூபிகள் நிற்கும் ஊர். அங்கே பேசுவது தமிழ். சுட்டவர் பேசியதும் தமிழ். சுடப்பட்டவரின் வீட்டிலும் தமிழ். இந்தச் சிலையின் முன் நிற்கும் தமிழருக்கு மற்ற இருபது சிலைகளின் முன்பும் வராத ஒரு கனம் இங்கே வருகிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு 1987-ன் அந்த மாதங்கள் வேறு விதமாக நினைவிருக்கின்றன. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படை புகுந்தபோது மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த மருத்துவமனையில் அவர்களை நினைவுகூர்கிறார்கள். இதுவும் நடந்ததுதான். நான் நின்ற பீடத்தில் இது இல்லை, இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் பரமேஸ்வரனைப் பற்றிப் பேசும்போது அதை மறைத்தால் அவருக்கும் பெருமை சேராது. அரசுகள் போட்ட கணக்கு தப்பானது, அதன் விலையை இரண்டு பக்கமும் உடலால் கொடுத்தார்கள். ஒரு போர் தவறானது என்பதால் அதில் ஒருவர் காட்டிய துணிவு பொய்யாகிவிடாது. அந்தத் துணிவைச் சொல்லி அந்தப் போரை நியாயப்படுத்தவும் முடியாது. நான் பார்த்த அளவில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தமிழ்நாடு தயங்கியே வந்திருக்கிறது. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிக் குழு கப்பலில் சென்னை வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவர் பக்கத்துக் காரணம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்க்கு அந்தக் காரணம் எதுவும் ஆறுதல் தந்திருக்காது.

ஹவில்தாரிடம் அதைக் கேட்டேன். "எங்க வீட்ல வந்து கூட்டிட்டுப் போனாங்க, அது போதும்" என்றார். பிறகு, "அந்த ஊர்ச் சனங்களை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அவங்க பட்டது அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். பேரன் சிலையின் பட்டையைப் பார்த்து இது என்ன பதக்கம் என்று கேட்டான். வெண்கலத்தில் செய்தது, ஊதா நிற நாடா, நடுவில் சிங்க முத்திரை, சுற்றிலும் நான்கு முறை இந்திரனின் வஜ்ராயுதம் என்று சொன்னேன். அதை வரைந்தவர் சாவித்திரி கானோல்கர், ஐரோப்பாவில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரியை மணந்து இந்தியராகவே வாழ்ந்தவர் என்றதும் பையனுக்கு ஆச்சரியம்.

அஸ்தமனத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எல்லோரும் சுடரைச் சுற்றிக் கூடினோம். தினமும் மாலையில் உயிர்நீத்த வீரர் ஒருவரின் குடும்பத்தினரை அழைத்து மலர்வளையம் வைக்கச் சொல்கிறார்கள். அன்று வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி, பருத்திப் புடவை, காலில் சாதாரணச் செருப்பு. அவர் கணவரின் பெயரையும் அவர் எங்கே எப்படி இறந்தார் என்பதையும் வாசித்தார்கள். இரண்டு வீரர்கள் மலர்வளையத்தை ஏந்தி மெதுவாக முன்னே நடக்க, அவர் பின்னால் நடந்தார். வளையத்தைத் தூணடியில் வைத்துவிட்டு நாடாவின் சுருக்கத்தைக் கையால் நீவிச் சரிசெய்தார். பிறகுதான் கும்பிட்டார். பியூகிள் ஒலித்தது. கூட்டத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த இளைஞர்கள்கூடக் கையைக் கீழே இறக்கிவிட்டு நின்றார்கள்.

ஹவில்தார் உள்ளங்கையை விரித்து சல்யூட் வைத்தார். பேரன் அவரைப் பார்த்து அதே மாதிரி வைத்தான். வாசலில் விடைபெறும்போது, சென்னையில் மேஜரின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் புதிய அதிகாரிகள் அணிவகுக்கும் மைதானத்துக்கு அவர் பெயர்தான், பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர் என்றேன். 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா வீரர்களின் பெயர்களை வைத்தபோது ஒரு தீவு அவர் பெயரையும் பெற்றது. ஆனால் டிரில் ஸ்கொயர் ராணுவ வேலிக்குள் இருக்கிறது. தீவுக்குக் கடல் கடந்து போக வேண்டும். சாதாரண மனிதர் டிக்கெட் இல்லாமல் நேராக நடந்துபோய் அவர் முகத்தைப் பார்க்க இந்தப் புல்வெளி இருக்கிறது.

டெல்லி போகிறவர்கள் குதுப் மினார், செங்கோட்டைப் பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா நாளும் காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். குளிர்காலத்தில் மாலை ஆறரை வரையும் கோடையில் ஏழரை வரையும் இருக்கலாம். மாலை நாலு மணிக்குப் போனால் பெயர்ச் சுவர்களையும் பார்த்துவிட்டு மலர்வளைய நிகழ்ச்சிக்கும் நிற்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போனால் பரமேஸ்வரன் சிலைக்கு முன்னால் படம் எடுப்பதற்கு முன் பலகையை முழுசாக வாசித்துத் தமிழில் சொல்லுங்கள். அவர் எந்த நாட்டில், எந்த ஊரில், யாருக்கு நடுவே இறந்தார் என்று அவர்கள் கேட்பார்கள். கந்தரோடையின் பெயரையும் யாழ்ப்பாணம் மருத்துவமனையின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.